மாமன் கொண்டுவந்த பாம்பு

2006 நவம்பர் 17, வெள்ளிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன், காபி போட்டேன், பால்கனியில் துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் தண்ணீர் ஊற்றினேன். விடுமுறை நாள் என்பதற்காக நான் எழும் நேரம் மாறுவதில்லை. அடுத்த வாரத்துச் சட்டைகளை இஸ்திரி போட்டு, பொத்தான் பக்கம் எல்லாம் ஒரே திசையில் இருக்கும்படி மாட்டினேன். ஷூக்களுக்குப் பாலிஷ் போட்டேன். கீழே போய் வண்டியைத் துடைத்தேன்; இரவுப் பனியில் மணல் ஊறிக் கண்ணாடியில் வரிவரியாக இறங்கியிருந்தது. மேலே வந்து குளித்து, திருநீறு பூசி, சாமி படங்களுக்கு முன்னால் நின்றேன்.

இவ்வளவையும் ஹாலில் குறுக்கே படுத்திருந்த மச்சினனைத் தாண்டித் தாண்டித்தான் செய்தேன். என் மனைவியின் ஒரே தம்பி. ருவைஸில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் டெக்னீஷியன். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வியாழன் இரவு அஜ்மானில் எங்கள் பிளாட்டுக்கு வருவான், சனிக்கிழமை மத்தியானம் போவான். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முன் எழ மாட்டான். அதுவரை வீட்டில் யாரும் சத்தம் போடக்கூடாது. நான் மிக்ஸியைத் தொட்டாலே, "மெதுவாப் போடுங்க, தம்பி தூங்குதான்" என்பாள் மனைவி. மிக்ஸியை எப்படி மெதுவாகப் போடுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அவன் தலைமாட்டில், ஷூ ஸ்டாண்டின் மேல், மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டி இருந்தது. அதற்குள் அவன் கொண்டுவந்த பாம்பு.

என் மகளுக்கு அப்போது பதினான்கு வயது. ஏதாவது வளர்க்க வேண்டும் என்று முதலில் என்னிடம்தான் கேட்டாள். முடியாது என்று நான் சொல்லவில்லை. மீன் வளர்த்தால் என்ன ஆகும், ஜோடிக் கிளி வாங்கினால் ஊருக்குப் போகும்போது யாரிடம் விடுவது, வாட்ச்மேன் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவானா என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். துபாயில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஆவணங்களுக்குப் பொறுப்பானவன் நான். ஒரு காகிதம் உள்ளே வருவதற்கு முன் அது எங்கே இருக்கப்போகிறது என்று தெரிந்தாக வேண்டும். நான் மீனுக்கும் கிளிக்கும் நடுவில் யோசித்துக்கொண்டிருந்தபோது, அக்டோபர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் அவன் பாம்போடு வந்து இறங்கினான். வேலையை முடித்துக்கொண்டு நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்காரச் சகா ஒருவன் கொடுத்ததாம். விஷமில்லாத அமெரிக்கச் சோளப் பாம்பு, குட்டி. பென்சில் பருமன், ஒரு முழத்துக்கும் குறைவு, ஆரஞ்சு நிறத்தில் செங்கல் நிறத் திட்டுகள்.

"மாமா! ஓ மை காட், மாமா!" என்று அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் வீட்டுக்குள் வரும்போது டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் "ஹாய்ப்பா" என்று சொல்கிறவள்.

இது புதிதல்ல. காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும் என்பது முறை. அன்று அவன் கல்லூரி மாணவன், மீசைகூடச் சரியாக வரவில்லை. என் மகள் வீறிட்டு அழுதபோது கை நீட்டியது என்னை நோக்கித்தான். "மாமன் மடியை விட்டு எழுப்பப்படாது" என்று சுற்றி நின்றவர்கள் என் கையைப் பிடித்துத் தடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் சட்டையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு அடங்கிவிட்டாள். நான் பொட்டுக்கடலைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். பதின்மூன்று வருடம் கழித்தும் அதே தட்டோடு நிற்பதுபோல்தான் இருந்தது.

பாம்பு வந்ததில் வீட்டுக்குள் வேறொரு சிக்கல். நாங்கள் திருநெல்வேலிச் சைவர்கள். முட்டைகூட வீட்டுக்குள் வந்ததில்லை. பாம்புக்குத் தீனி என்று அவன் ஒரு ஐஸ் பெட்டியில் கொண்டுவந்தது, உறைந்த எலிக்குஞ்சுகள். கண் திறக்காத, முடி முளைக்காத, சுண்டுவிரல் நுனி அளவிலான குஞ்சுகள். வேறொருவர் கொண்டுவந்திருந்தால் என் மனைவி வாசலிலேயே நிறுத்தியிருப்பாள். தம்பி என்பதால் ஃப்ரீசரையே பாம்புக்கு எழுதிக்கொடுத்துவிட்டாள். எங்கள் தேங்காய்த் துருவலும் முருங்கைக்காயும் எதிர் பிளாட்டில் நாங்கள் லாத்தா என்று கூப்பிடும் காயல்பட்டினத்து முஸ்லிம் அக்கா வீட்டு ஃப்ரீசருக்கு, அவர்களுடைய வஞ்சிர மீனுக்குப் பக்கத்தில், குடிபெயர்ந்தன. எலிக்குப் பக்கத்தில் இருப்பதைவிட மீனுக்குப் பக்கத்தில் இருப்பது எப்படி ஆசாரம் என்று கேட்டேன். "லாத்தா சுத்தமா வச்சிருப்பாவ" என்றாள்.

ஆனால் பாம்பு சாப்பிடவில்லை.

புது இடத்தில் முதலில் சாப்பிடாது, பழக வேண்டும் என்று அலுவலகத்தில் இணையத்தில் தேடிப் படித்தேன். தனிமை வேண்டும், இளஞ்சூடு வேண்டும், வாரம் ஒரு முறை தீனி போதும், பாம்புக்கு நாக்குதான் மூக்கு. அச்செடுத்துக் கோப்பில் போட்டேன். எனக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை மட்டும்தான். ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் தீனி என்று முறை வகுத்தேன். மருந்துக்கடையில் ஒரு இடுக்கி வாங்கினேன். குளித்து, பூஜை முடிந்த பிறகு, கையை டெட்டால் விட்டுக் கழுவி, இடுக்கியையும் டெட்டாலில் முக்கி, குஞ்சைக் கிண்ணத்தில் வெந்நீரில் போட்டு இளக வைத்து, பாம்பின் முகத்துக்கு நேரே பிடிப்பேன். அது தலையைத் திருப்பிக்கொள்ளும். அப்படியே வாரங்கள் போயின.

மகள் தினமும் சாயங்காலம் ருவைஸுக்குப் போன் போட்டுவிடுவாள். பக்கத்து அறையில் நான் இருப்பேன்.

"மாமா, அது இன்னும் ஈட் பண்ணல. அப்பா ட்ரை பண்ணாங்க... இல்ல மாமா, அப்பாக்குத் தெரியல. நீ எப்ப வருவ?"

அப்பாவுக்குத் தெரியவில்லை என்பதை அவள் சொன்ன விதத்தில் குறை சொல்லும் தொனிகூட இல்லை. வெளியே சூடாக இருக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னாள்.

அந்த வாரம் பாம்பின் முதுகோரம் லேசாகச் சுருங்கத் தொடங்கியிருந்தது. வியாழன் இரவு வந்ததும் மச்சினன் பெட்டியைத் தூக்கி விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தான்.

"பாப்பா, இது இனிமே தாங்காது. எங்க கேம்ப்ல ஒரு பிலிப்பினோ நெறைய பாம்பு வளக்கான். நாளைக்குள்ள சாப்பிடலைன்னா, சனிக்கிழமை நான் போறப்ப எடுத்துட்டுப் போயிருதேன்."

அவள் முகம் சுருங்கியது. பிறகு, "அப்ப விண்டர் லீவுக்கு நான் ருவைஸ் வந்துரட்டா? அங்கயே பாத்துக்குறேன்" என்றாள்.

"வாயேன். பீச் இருக்கு."

"போயிட்டு வரட்டுமே" என்றாள் மனைவி உள்ளிருந்து.

என்னை யாரும் கேட்கவில்லை. லீவில் அவளை அல் ஐன் கூட்டிப்போய் மலைமேல் ஏற்றிக் காட்ட வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். வண்டிக்கு டயர்கூட மாற்றி வைத்திருந்தேன். சொல்லத்தான் இல்லை.

ஆக, அந்த வெள்ளிக்கிழமை பாம்பு சாப்பிட்டாக வேண்டும். என் கையால் சாப்பிட வேண்டும்.

காலை பூஜை முடிந்து, மனைவி சாம்பிராணிக் கரண்டியோடு வீடு முழுக்கச் சுற்றினாள். தம்பியின் போர்வை மேலும் காட்டினாள். பெட்டி மூடியில் அவள் வைத்த குங்குமப் பொட்டு இருந்தது. நாகராஜா வீடு தேடி வந்திருக்கிறார் என்பது அவள் கட்சி. நான் வழக்கப்படி டெட்டால் போட்டுக் கை கழுவி, இடுக்கியோடு உட்கார்ந்தேன். அவன் எழுவதற்குள் முடித்துவிட வேண்டும். மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து தள்ளி நின்றாள்.

"அப்பா, யூ ஆர் ஸ்கேரிங் ஹிம். ரொம்பக் கிட்டப் போறீங்க."

"நீ கொஞ்சம் பேசாம இரு."

பாம்பு தண்ணீர்க் கிண்ணத்துக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டது. என் கை வலிக்கும்வரை பிடித்திருந்தேன். போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல்:

"அத்தான், டெண்டர் சப்மிட் பண்ணுதீங்களா? கையெழுத்து போடாது போலிருக்கே."

மகள் சிரித்தாள். நான் குஞ்சைக் காகிதத்தில் சுற்றிக் கீழே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

மத்தியானம் சொதி. எங்கள் பக்கம் மறுவீட்டுக்கு வரும் மாப்பிள்ளைக்கு வைப்பது: தேங்காய்ப் பால், பாசிப்பருப்பு, கிழங்கு, இஞ்சித் துவையலோடு. லாத்தா வீட்டுத் துருவல் இருந்தும் மனைவி புதுத் தேங்காய் வாங்கிவரச் சொல்லியிருந்தாள். நானும் அந்த வீட்டு மாப்பிள்ளைதான். எனக்குச் சொதி கிடைப்பது தம்பி வருகிற வாரங்களில்தான். ஜும்மா முடிந்து திரும்புகிறவர்களின் சத்தம் தெருவில் கேட்கக் கேட்க நாங்கள் சாப்பிட்டோம். முதல் கரண்டி அவனுக்குப் போனது. நன்றாகத்தான் இருந்தது, நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அவன் சொன்னான், மூன்று முறை.

சாப்பிட்ட பிறகு அவன் முறை. குளித்து, புதுச் சட்டை போட்டு, காதுக்குப் பின்னாலும் மணிக்கட்டிலும் அத்தர் தடவிக்கொண்டு வந்தான். ஊத் என்கிற அகில் கட்டையின் அந்த வாசனை அவன் போன பிறகும் எங்கள் சோபாவில் சனி, ஞாயிறு வரை இருக்கும். "மாமா ஸ்மெல்ஸ் ஸோ நைஸ்" என்பாள் என் மகள். எனக்கும் டெட்டாலுக்கும் அப்படி ஒரு பாராட்டு வந்ததில்லை.

சட்டையை முழங்கைக்கு மேல் மடித்து, இடுக்கியே வேண்டாம் என்று குஞ்சை விரலிலேயே பிடித்து, பாம்புக்கு முன்னால் நடனம் ஆட வைத்தான். "வாங்க ராஜா, வாங்க. சூடா இருக்கு. சொதியவிட நல்லாருக்கும்." மகள் தரையில் உருண்டு சிரித்தாள். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் பேப்பர் படிக்கிறவன்போல் இருந்தேன். பாம்பு சாப்பிட்டுவிடக் கூடாதே என்று நினைத்தபடி ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். பசியில் சுருங்கிப்போன ஒரு விரற்கடைப் பிராணியின் வாய்க்கும் உணவுக்கும் நடுவில் நின்று, நான் அதை வேண்டிக்கொண்டிருந்தேன்.

சாப்பிடவில்லை. அவன் விரல் நெருங்க நெருங்கப் பாம்பு உடம்பைச் சுருட்டிப் பின்வாங்கி, மூலையில் மூக்கை முட்டிக்கொண்டது.

எனக்குள் பரவிய நிம்மதி மகளின் முகத்தைப் பார்க்கும் வரைதான் இருந்தது. சிரிப்பு நின்றிருந்தது. "இட்ஸ் கோயிங் டு டை" என்றாள், யாரையும் பார்க்காமல். அழவில்லை; அழுதிருந்தால் பரவாயில்லை. அவன் அவள் தலையில் கை வைத்து, "சாகாது பாப்பா. நாளைக்கு நான் கொண்டு போயிருதேன். சரி, வா, ஃபலூடா சாப்பிட்டு வரலாம்" என்றான். அஞ்சு மணி வாக்கில் இருவரும் கடற்கரைப் பக்கம் கிளம்பினார்கள்.

விளக்கேற்றும் நேரத்தில் மனைவி மறுபடியும் சாம்பிராணி போட்டாள். நான் ஷூ ஸ்டாண்ட் பக்கத்தில் சும்மா நின்று பாம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் போன பின் வீடு அமைதியாக இருந்ததால் அது வெளியே வந்து, பெட்டியின் ஓரமாக ஊர்ந்து, நாக்கை விட்டுவிட்டு நீட்டிக்கொண்டிருந்தது. மனைவி வந்து பெட்டி மூடியைத் திறந்து, நாகராஜாவுக்கென்று கரண்டியை மும்முறை சுற்றிக் காட்டினாள். புகை உள்ளே இறங்கியது. நாக்கு நின்றது. பாம்பு சரேலென்று திரும்பி, காலையில் என் கைக்கும் மத்தியானம் அவன் கைக்கும் செய்ததுபோலவே பின்வாங்கி, கிண்ணத்துக்கு அடியில் போய் ஒளிந்தது.

நாக்குதான் மூக்கு என்று கோப்பில் அடிக்கோடு போட்டு வைத்திருந்தவன் நான். அந்தக் கோப்பை வெள்ளிக்கிழமை காலை சாம்பிராணிப் புகைக்குள் உட்கார்ந்து, டெட்டால் கையோடு புரட்டியிருக்கிறேன்.

"எல்லா வெள்ளிக்கிழமையும் இதுக்குக் காட்டுவியா?"

"காட்டாம? வெள்ளி செவ்வாய் ரெண்டு நாளும் காட்டுவேன். வீட்டுக்கு வந்த சாமி."

"சாமி மூச்சு முட்டிச் சாகப்போகுது" என்றேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் வாசனையில்லாத இடம் ஒன்று வேண்டும் என்று தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அப்படி ஒரு இடமே இல்லை. ஹாலில் அத்தர், புகை. எங்கள் அறை அலமாரியில் அந்துருண்டை. சமையலறையில் பெருங்காயம். குளியலறையில் நானே தினமும் ஊற்றும் டெட்டால். பால்கனியில் சோப்புத்தூள். கீழே வண்டியிலும் கண்ணாடிக்கு அடியில் ஒரு வாசனை பாட்டில் இருந்தது.

அப்போது அலமாரிக்கு மேல் பார்த்தேன். எங்கள் வீட்டில் எந்தப் பொருள் வாங்கினாலும் அதன் அட்டைப்பெட்டியை நான் போடுவதில்லை. உள்ளிருக்கும் தெர்மகோல் உட்பட, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, மேலே பாலிதீன் உறை போட்டு வைத்திருப்பேன். ஒருநாள் மொத்தமாக ஊருக்குத் திரும்பும்போது எல்லாம் வந்த பெட்டியிலேயே போக வேண்டும். "அத்தானோட பெட்டி மியூசியம்" என்று மச்சினன் வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக் கேலி செய்வான்.

"அந்த ஸ்டூலப் பிடி. டிவி பெட்டிய எறக்கணும்."

மனைவி பயந்துபோய், "என்னாச்சு? வேலைய விட்டாச்சா? ஊருக்குப் போறமா?" என்றாள். அந்தப் பெட்டி இறங்குவதற்கு வேறு காரணம் இருக்க முடியாது அவளுக்கு.

உறைக்குள் இருந்ததால் பெட்டிக்குள் அட்டை வாசனை தவிர ஒன்றும் இல்லை. பாம்பின் பெட்டியை வெறும் தண்ணீரில் கழுவி, மூடியில் இருந்த குங்குமத்தைத் துடைத்து, புதுக் காகிதம் விரித்தேன். குஞ்சை அதன் பிளாஸ்டிக் பையோடேயே வெந்நீரில் வைத்து இளக்கினேன். ஹோட்டல் பார்சலோடு வரும், பிரிக்காத பிளாஸ்டிக் ஸ்பூன்களை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தேன்; அதில் ஒன்றைப் பிரித்து, கை படாமல் குஞ்சை எடுத்துப் பாம்புக்கு அருகில் வைத்தேன். முகத்துக்கு நேரே ஆட்டவில்லை. மூடினேன். டிவி பெட்டிக்குள் இறக்கி, மேல் மடல்களை மடித்து, பழுப்பு டேப் ஒட்டி, ஒட்டிய இடத்தில் தேதி போட்டேன். அலுவலகத்தில் ஆவணப் பெட்டிகளை அப்படித்தான் மூடுவோம். காற்றுக்குப் பக்கவாட்டில் கைப்பிடி ஓட்டைகள் இருந்தன. ஹாலில் வைக்காமல், எங்கள் படுக்கையறைக் கதவுக்கு வெளியே நடையில் வைத்தேன். அந்த டேப் பாம்புக்காக அல்ல.

ஏழரைக்குத் திரும்பி வந்தார்கள். மகள் ஷூ ஸ்டாண்டைப் பார்த்துவிட்டு, "வேர் இஸ் ஹி?" என்றாள்.

"பெட்டிக்குள்ள இருக்கு. காலைல வரைக்கும் யாரும் திறக்கக்கூடாது."

மச்சினன் டேப்பையும் தேதியையும் பார்த்தான். "என்னத்தான், எனக்குச் சிரமம் இல்லாம நீங்களே பேக் பண்ணிட்டீங்களா? அட்ரஸ் எழுதலியே."

நான் சாம்பிராணியைச் சொன்னேன், டெட்டாலைச் சொன்னேன். அத்தரையும் சொன்னேன்; அதைக் கொஞ்சம் கூடுதலாகவே சொன்னேன். மகள் கேட்டுக்கொண்டாள். கேட்டு முடித்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"மாமா, இஸ் இட் ஓகே?"

அவன் தன் மணிக்கட்டை முகர்ந்து பார்த்தான். "இருக்கலாம் பாப்பா. அத்தான் சொல்லுதது சரிதான். இருக்கட்டும்" என்றான்.

அவன் சிரித்து மறுத்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். சரி என்று சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. என் பெட்டி, என் ஸ்பூன், என் மகள், அனுமதி அவனுடையது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு மிச்சச் சொதி இருந்தது. எனக்கு வேண்டாம் என்று மோர் ஊற்றிச் சாப்பிட்டுப் படுத்தேன்.

படுத்தபின் ஒன்று தோன்றியது. எனக்குச் சனிக்கிழமை டூட்டி உண்டு; நெரிசலுக்கு முன் துபாய் போய்ச் சேர ஆறு மணிக்கே வண்டியை எடுத்துவிடுவேன். மகளுக்குப் பள்ளி விடுமுறை. அவள் எழும்போது வீட்டில் இருக்கப்போகிறவன் அவன். டேப்பைக் கிழித்து, பெட்டியைத் திறந்து, "பாத்தியா பாப்பா" என்று அவளுக்குக் காட்டப்போகிறவனும் அவன்.

காலையில் அலாரத்துக்கு முன்பே விழித்தேன். பல் தேய்க்கவில்லை, முகம் கழுவவில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படி ஒரு காரியமும் செய்ததில்லை. நேராக நடைக்குப் போய் உட்கார்ந்து, டேப்பைச் சத்தமில்லாமல் உரித்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். காகிதத்தின் மேல் குஞ்சு இல்லை. பாம்பு சுருண்டு கிடந்தது. அதன் உடம்பின் நடுவில், பென்சில் ஒரு மணியை விழுங்கியதுபோல் ஒரு புடைப்பு.

மகளின் அறைக்குப் போய்த் தோளைத் தொட்டேன். கண்ணைத் திறந்து, என்னை அந்த நேரத்தில் அங்கே பார்த்த பயத்தில், "செத்துப்போச்சாப்பா?" என்றாள்.

"வந்து பாரு."

இருட்டில் என் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். டார்ச்சை அவள் கையில் கொடுத்தேன். பார்த்தாள். வெளிச்சத்தை அந்தப் புடைப்பின் மேலேயே வைத்திருந்தாள். பிறகு அவள் தலை என் தோளில் சாய்ந்தது. தூக்கக் கலக்கமாகவும் இருக்கலாம்.

"அப்பா, மாமாவ எழுப்பட்டா?"

ஹாலிலிருந்து அவன் குறட்டை கேட்டது.

"மாமா அலுத்து வந்திருக்கான். கொஞ்சம் தூங்கட்டும்" என்றேன். "நான் கிளம்புற வரைக்கும் நாம பாக்கலாம்."

சரி என்று தலையசைத்தாள். அதற்குப் பிறகுதான் நான் போய்ப் பல் தேய்த்தேன்.